சிங்கம் பாய்ந்த குதிரை: ஜார்ஜ் ஸ்டப்ஸின் ஓவியத்தைப் பார்க்கப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வெள்ளைக் குதிரை. அதன் முதுகில் ஒரு சிங்கம். பற்கள் சதைக்குள் இறங்கிவிட்டன. குதிரை கழுத்தை வளைத்துப் பின்னால் திரும்பி வாய் பிளந்து நிற்கிறது. சுற்றிலும் பாறை, மேலே இருண்ட வானம். காப்பாற்ற வரும் வேட்டைக்காரனோ வீரனோ யாரும் இல்லை.

இங்கிலாந்து ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1770-இல் வரைந்த ‘குதிரையைத் தாக்கும் சிங்கம்’ இது. விலங்குகளின் சண்டையை மட்டுமே கருவாகக் கொண்ட ஓவியங்களும் சிற்பங்களும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பெருகின. ரொமான்டிக் காலம் என்று கலை வரலாறு சொல்லும் அந்தக் காலத்துக்கு ஒரு தலைமுறை முன்பே, அந்த வகைக்கு அடித்தளம் போட்ட ஓவியங்களில் இது முதன்மையானது.

ஓவியக் கலையில் எந்தப் பயிற்சியும் இல்லாதவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஒரு நல்ல திரையும் அரை மணி நேரமும் போதும். என் துணிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஓவியத்தின் நாயகன் குதிரை. சிங்கத்தின் வீரத்தைப் பார்க்க வருபவர்களுக்கு ஸ்டப்ஸ் கொடுப்பது கொஞ்சம்தான். பயம் ஓர் உடலை என்ன செய்யும் என்று பார்க்க வருபவர்களுக்கு அவர் அள்ளிக் கொடுக்கிறார். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இடத்துக்குத்தான் கூட்டிச் செல்கின்றன.

படி 1: எந்தப் படம் என்று முடிவு செய்யுங்கள்

இணையத்தில் தேடினால் ஒரே தலைப்பில் பல படங்கள் வந்து குழப்பும். காரணம் எளிது. ஸ்டப்ஸ் இந்தக் கருவை ஒரு தடவை வரைந்துவிட்டுப் போகவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எண்ணெய் வண்ணத்தில், எனாமலில், அச்சுப் படமாக, வெட்ஜ்வுட் பீங்கான் தொழிற்சாலைக்கான புடைப்புருவமாகத் திரும்பத் திரும்ப இதற்கே வந்தார். ஏறத்தாழ பதினேழு வடிவங்கள் அறியப்பட்டுள்ளன.

முதலில் வந்தது 1762-ஐ ஒட்டியது. ராக்கிங்ஹாம் பிரபுவுக்காக வரைந்தது. பின்னாளில் இரண்டு முறை பிரிட்டனின் பிரதமரானவர் இவர்; பந்தயக் குதிரைகளில் பெரும் பற்றுக் கொண்டவர். அந்தப் படம் உயரத்தில் 2.4 மீட்டர், அகலத்தில் 3.3 மீட்டர் அளவு. ஒரு வரவேற்பறைச் சுவரையே விழுங்கிவிடும். அதற்கு இணையாக, சிங்கம் கலைமானைத் தாக்கும் இன்னொரு படமும் அதே அளவில் இருக்கிறது. இரண்டும் இன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பிரிட்டிஷ் கலை மையத்தில் உள்ளன.

தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 1770-ஆம் ஆண்டுப் படத்தை. அது அதே தெருவில், எதிர்ப்பக்கத்து யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது.  உயரம் ஒரு மீட்டரை ஒட்டியது. பெரிய படத்தின் பிரம்மாண்டம் இதில் இல்லை. ஆனால் எட்டு ஆண்டுகளாக இதே கருவோடு மல்லுக்கட்டிய கை இதில் தெரிகிறது, வேண்டாததெல்லாம் உதிர்ந்துவிட்டது. தேடும்போது ஆண்டையும் இடத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: சிங்கத்தைக் கையால் மறையுங்கள்

திரையில் படம் வந்ததும் சிங்கத்தின் மீது உங்கள் உள்ளங்கையை வையுங்கள். சொல்லும்போது விளையாட்டாகத் தோன்றலாம், செய்து பாருங்கள். குதிரை மட்டும் மிஞ்சட்டும்.

இப்போது நாசியில் தொடங்குங்கள். மூச்சுத் துளைகள் எவ்வளவு விரிந்திருக்கின்றன? அங்கிருந்து வாய்க்கு வாருங்கள். உதடுகள் பின்வாங்கிப் பற்கள் வெளியே தெரிகின்றன. பிறகு கண். பிறகு காதுகள் எந்தப் பக்கம் போயிருக்கின்றன என்று பாருங்கள். பிடரி மயிரின் வீச்சைக் கவனியுங்கள். கழுத்து வளைந்த விதத்தில் ஒரு பக்கத்துத் தசை இழுபட்டும் மறுபக்கம் மடிந்தும் இருக்கிறது. கடைசியாகக் கால்கள்: அகன்று ஊன்றி, உடல் எடையோடு மேலே வந்து விழுந்த எடையையும் சேர்த்துத் தாங்குகின்றன.

சிங்கம் கண்ணில் படவில்லை. இருந்தும் அந்த உடலில் ஏதோ கொடுமை நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கையை எடுக்கும்போது சிங்கம் ஒரு பதிலாக வருகிறது. கேள்வி குதிரையின் உடலில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

குதிரை இரை விலங்கு. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. நின்ற இடத்திலேயே தன்னைச் சுற்றியுள்ள வெளியில் பெரும்பகுதியை அதனால் பார்க்க முடியும். பார்க்க முடியாத முக்கியமான இடம் நேர் பின்புறம். சிங்கம் ஏறியிருப்பது அந்தப் பக்கமிருந்துதான். தலையைத் திருப்பினால் ஒழிய, என்ன நடந்தது என்று குதிரைக்குத் தெரியாது. ஸ்டப்ஸ் அது திரும்பிவிட்ட நொடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். குதிரை அறிந்துகொண்டுவிட்டது. இந்த ஓவியத்தின் முழு வலியும் அந்தக் கழுத்து வளைவில்தான் இருக்கிறது என்பேன்.

படி 3: தோலுக்கு அடியில் போங்கள்

இந்த அளவுக்கு ஒரு குதிரையை அறிந்து வரைய ஒருவரால் எப்படி முடிந்தது? இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்போம். ஸ்டப்ஸை மற்ற விலங்கு ஓவியர்களிடமிருந்து பிரிப்பது இதுதான்.

ஸ்டப்ஸ் 1724-இல் லிவர்பூலில் பிறந்தார். தந்தை தோல் தொழில் செய்தவர். ஓவியப் பள்ளியில் ஒழுங்காகப் படித்தவர் அல்ல ஸ்டப்ஸ். பெரும்பாலும் தானே கற்றுக்கொண்டார். இளம் வயதில் யார்க் நகரில் உடற்கூறியல் பயின்றார். மருத்துவர் ஜான் பர்ட்டன் 1751-இல் வெளியிட்ட பேறுகால மருத்துவ நூலுக்குப் படங்களைப் பொறித்துக் கொடுத்தார்.

1756-ஐ ஒட்டி லிங்கன்ஷயர் மாவட்டத்தில் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்தார். அங்கே ஏறத்தாழ 18 மாதங்கள் குதிரைகளை அறுத்து ஆராய்ந்தார். உடன் இருந்து உதவியவர் அவருடைய வாழ்க்கைத் துணை மேரி ஸ்பென்சர். குதிரையைக் கொன்று இரத்தத்தை வடித்துவிட்டு, இரத்தக் குழாய்கள் தளர்ந்துபோகாமல் இருக்க அவற்றில் உருக்கிய கொழுப்பைச் செலுத்துவார்கள். பிறகு உத்தரத்திலிருந்து இரும்புக் கம்பியும் கொக்கிகளும் கொண்டு, உயிரோடு நிற்பது போன்ற நிலையில் உடலைத் தொங்கவிடுவார்கள். முதலில் தோல், அடுத்து தசையின் ஓர் அடுக்கு, அதற்கும் அடுத்த அடுக்கு என்று எலும்பு வரை உரித்துக்கொண்டே போவார்; ஒவ்வொரு அடுக்கையும் வரைவார், குறிப்பு எழுதுவார். ஒரு குதிரையின் உடல் 11 வாரங்கள் அப்படித் தொங்கியது என்று பதிவு இருக்கிறது. குளிர்பதன வசதி இல்லாத காலம். அந்த அறையின் வாடையை நினைத்துப் பாருங்கள். அதைத் தாங்கிக்கொண்டு பென்சிலைக் கூராக்கிய அந்த இருவரையும் நினைத்துப் பாருங்கள்.

படங்களைச் செம்புத் தகட்டில் பொறித்துத் தர லண்டனின் கைதேர்ந்த பொறிப்பாளர்கள் முன்வரவில்லை. ஸ்டப்ஸ் தானே உட்கார்ந்து பொறித்தார். பகலில் ஓவியத் தொழில், மிச்ச நேரத்தில் இந்த வேலை. ‘குதிரையின் உடற்கூறியல்’ 1766-இல் வெளியானது. கலைஞர்களோடு கால்நடை மருத்துவம் அறிந்தவர்களும் அதைக் கொண்டாடினார்கள். அதன் மூல வரைபடங்கள் பலவற்றை லண்டன் ராயல் அகாடமி வைத்திருக்கிறது. அவற்றை இணையத்திலும் பார்க்கலாம். கட்டாயம் பாருங்கள். தோல் உரிந்த குதிரை அவற்றில் நடந்து வருகிறது. கொடூரம் துளியும் இல்லை; ஏதோ ஒரு மரியாதை இருக்கிறது.

அந்த வரைபடங்களைப் பார்த்துவிட்டு 1770 படத்துக்குத் திரும்புங்கள். தோளில் புடைத்திருக்கும் தசைக்கு இப்போது ஒரு வேர் தெரியும். மேற்பரப்பில் அலங்காரத்துக்காக அங்கே ஒரு கோடு கூட இழுக்கப்படவில்லை.

உயிரோடிருக்கும் குதிரையின் பயத்தையும் அவர் நேரில் பார்த்துத்தான் வரைந்தார். நண்பரும் ஓவியருமான ஓசையஸ் ஹம்ஃப்ரி, ஸ்டப்ஸ் சொல்லக் கேட்டு எழுதிய நினைவுக்குறிப்பில் இது வருகிறது. அரச லாயத்திலிருந்து ஒரு வெள்ளைக் குதிரை கிடைத்தது. அதை நோக்கித் தரையில் ஒரு துடைப்பத்தைத் தள்ளுவார்கள். குதிரை மிரளும். ஓவியர் வரைவார். மறுபடி தள்ளுவார்கள். சிங்கத்துக்கு, ஹவுன்ஸ்லோ ஹீத் பகுதியில் ஷெல்பர்ன் பிரபு கூண்டில் வளர்த்த சிங்கம் உதவியது. ஒரு துடைப்பமும் ஒரு கூண்டுச் சிங்கமும்தான் கைமுதல். அவற்றிலிருந்து இவ்வளவு பெரிய பயங்கரத்தைக் கட்டியெழுப்ப முடிந்ததென்றால், எலும்பு வரை அறிந்ததால்தான் முடிந்தது.

படி 4: சிங்கம் எங்கே கடிக்கிறது?

காட்டு விலங்குப் படங்களில் சிங்கம் பெரிய இரையைக் கொல்வதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் தொண்டையைக் கவ்வும், அல்லது மூக்கையும் வாயையும் சேர்த்துக் கவ்வி மூச்சை அடைக்கும். ஸ்டப்ஸின் சிங்கமோ முதுகின் மேல் அப்பிக்கொண்டு அங்கேயே பற்களைப் பதிக்கிறது. இது எங்கிருந்து வந்தது?

ரோமிலிருந்து. கேப்பிடலின் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய பளிங்குச் சிலை இருக்கிறது: கீழே சாய்ந்த குதிரையின் மேல் சிங்கம். கிரேக்கக் கலை மரபில், கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி உருவானது என்று கணிக்கிறார்கள். இடைக்காலத்திலிருந்தே ரோமின் அடையாளமாகத் திறந்த வெளியில் நின்ற சிலை. சிதைந்து கிடந்ததை 1594-இல் ருஜேரோ பெஸ்காபே என்ற சிற்பி சீர்படுத்தினார். குதிரையின் தலையும் கால்களும் அவர் சேர்த்தவை. ஆக, இன்று அந்தச் சிலையில் தெரியும் குதிரை முகம் பழைய கிரேக்கச் சிற்பியின் கையால் ஆனதல்ல.

ஸ்டப்ஸ் 1754-இல் ரோம் சென்றார். கிரேக்க, ரோமானியக் கலையைவிட இயற்கையே உயர்ந்தது என்று உறுதிப்படுத்திக்கொள்ளவே போனதாகவும், உறுதியானதும் திரும்பிவிட்டதாகவும் ஹம்ஃப்ரியிடம் சொல்லியிருக்கிறார். அந்த வீறாப்பை அப்படியே ஏற்கத் தேவையில்லை. அந்தச் சிலை அவர் மனத்தில் தங்கிவிட்டது என்பதற்கு இந்த ஓவியமே சாட்சி. ஆனால் அவர் செய்த மாற்றத்தைக் கவனியுங்கள். சிலையில் குதிரை விழுந்துவிட்டது, சண்டை முடிந்துவிட்டது. ஸ்டப்ஸ் குதிரையை எழுப்பி நிறுத்தினார். அது இன்னும் தோற்கவில்லை. தோல்வி நிச்சயம் என்று நமக்குத் தெரியும், கால்களுக்குத் தெரியவில்லை. சிலையின் துயரம் ஓவியத்தில் பதற்றமாக மாறியது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

படி 5: மொராக்கோ கதையை ஓரமாக வையுங்கள்

இந்த ஓவியத்தைப் பற்றித் தேடும்போது ஒரு கதையை அடிக்கடி படிப்பீர்கள். ரோமிலிருந்து திரும்பும் கப்பலில் ஸ்டப்ஸுக்கு வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒருவர் நண்பரானார். அவர் மொராக்கோ கரையிலுள்ள தம் ஊரான சியூட்டாவுக்கு அழைத்துப் போனார். அங்கே நிலவொளியில் கோட்டைச் சுவரிலிருந்து பார்த்தபோது, ஒரு சிங்கம் வெள்ளைக் குதிரை ஒன்றைப் பதுங்கி வந்து பிடித்தது. அதைத்தான் வரைந்தார்.

அழகான கதை. ஆனால் இது அச்சில் வந்தது 1808-இல், ஒரு விளையாட்டு இதழில், எழுதியவர் பெயரில்லாமல். ஸ்டப்ஸ் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வாயால் கேட்டு எழுதிய ஹம்ஃப்ரியின் குறிப்பில் இது இல்லை. இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்த ஓவியர் நண்பரிடம் சொல்லாமல் இருப்பாரா? கலை வரலாற்றாளர் பேசில் டெய்லர் 1965-இல் இந்த ஓவிய வரிசையைப் பற்றி எழுதிய ஆய்வு பளிங்குச் சிலையின் பக்கம் பார்வையைத் திருப்பியது. பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் அந்த வழியிலேயே போகிறார்கள்.

கதையை நம்ப விரும்புகிறவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கதை ஸ்டப்ஸைச் சிறியவராக்குகிறது. தற்செயலாகக் கண்ணில் பட்டதை வரைந்தவர் என்று சொல்கிறது. உண்மையில் அவர் பார்க்காததை, தன் அறிவாலும் உழைப்பாலும் பார்த்தவர்.

படி 6: பாறைகளைப் பாருங்கள்

பின்னணி ஆப்பிரிக்காவாக இருக்கும் என்று நினைப்போம். இந்த வரிசையிலுள்ள படங்களின் பாறைகளை இங்கிலாந்தின் டார்பிஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் எல்லையில் உள்ள கிரெஸ்வெல் கிராக்ஸ் என்ற சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கோடு அடையாளம் காண்கிறார்கள். ஸ்டப்ஸுக்குப் பிடித்த இடம் அது. ஆங்கிலேயக் கனவான்களின் பந்தயக் குதிரைகளுக்கு அவர் வரைந்த பின்னணி பெரும்பாலும் சமனான புல்வெளி; சிங்கம் வரும்போது பூமி பிளந்து பாறையாகிவிடுகிறது.

ஒளியையும் கவனியுங்கள். வெளிச்சமெல்லாம் குதிரையின் வெள்ளை உடலில் குவிந்திருக்கிறது. சிங்கம் பாறையின் நிறத்தோடு சேர்ந்து போகிறது. இருட்டே நகம் முளைத்துப் பாய்ந்ததுபோல.

ஒரு கூடுதல் செய்தி: அந்தக் கிரெஸ்வெல் குகைகளில் ஒன்றில் 2003-இல் பனிக்கால மனிதர்கள் பாறையில் கீறிய விலங்கு உருவங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அந்தப் பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டப்ஸுக்கு அது தெரிய வழியில்லை.

படி 7: பயம் ஏன் ரசிக்கத்தக்கதாக ஆனது?

ஒரு பிரபு ஏன் இப்படிப்பட்ட படத்தைக் காசு கொடுத்து வீட்டில் மாட்ட வேண்டும்? அன்றைய சிந்தனையில் நடந்த ஒரு மாற்றத்தைத் தெரிந்துகொண்டால் இது புரியும்.

சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1757-இல் அழகையும் மாட்சியையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அழகானது நம்மை இளக வைக்கும். மாட்சி என்பது வேறு, அதன் வேர் அச்சத்தில் இருக்கிறது என்றார். புயல், மலைமுகடு, இருள், கொடிய விலங்கு ஆகியவை நமக்குத் தீங்கு செய்ய முடியாத தொலைவில் இருக்கும்போது ஒரு விசித்திரமான கிளர்ச்சியைத் தருகின்றன. குதிரையையே அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்: ஏர் இழுக்கும், பாரம் சுமக்கும் குதிரையில் மாட்சி இல்லை, அடங்காத குதிரையில் இருக்கிறது. இந்த நூல் வந்து ஐந்தாண்டுகளில் ஸ்டப்ஸின் முதல் சிங்கம் வருகிறது.

1763-இல் லண்டனில் ஓவியர் சங்கத்தின் கண்காட்சியில் ஸ்டப்ஸ் குதிரையும் சிங்கமும் கொண்ட ஓவியத்தை வைத்தார். மிரண்ட குதிரையைப் பார்த்து எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் ஒரு கவிதையே எழுதினார். அடுத்த ஆண்டே ‘ஒட்ரான்டோ கோட்டை’ என்ற நாவலை வெளியிட்டு, ஆங்கிலத்தில் திகில் நாவல் வகையைத் தொடங்கி வைத்தவர் அவர். பயம் அந்தப் பத்தாண்டுகளில் கலைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அன்றைய மதிப்பு வரிசையில் புராண, வரலாற்று ஓவியங்கள் உச்சியில். விலங்கு ஓவியங்கள் அடியில். ஸ்டப்ஸை எல்லோரும் ‘குதிரை ஓவியர்’ என்றே அழைத்தார்கள், அது அவரை வருத்தியது. ஒரு வீரன் மாள்வதற்கு ஓவியர்கள் தரும் கண்ணியத்தை ஸ்டப்ஸ் ஒரு குதிரைக்குத் தந்தார். இதை நான் பெரிய துணிச்சலாகவே பார்க்கிறேன்.

படி 8: முன்னும் பின்னும் சேர்த்துப் பாருங்கள்

ஒரு படத்தைப் பார்த்தாகிவிட்டது. இப்போது வரிசையாகப் பாருங்கள். லிவர்பூல் வாக்கர் கலைக்கூடத்தில் உள்ள ‘சிங்கத்தைக் கண்டு மிரளும் குதிரை’, 1770. இங்கே இன்னும் தாக்குதல் இல்லை. பாறை இடுக்கில் சிங்கம் தெரிந்துவிட்டது, குதிரை உடலெல்லாம் பின்வாங்குகிறது. அடுத்து நமது யேல் படம். கடைசியாக லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் ‘சிங்கத்துக்கு இரையாகும் குதிரை’: கால்கள் தளர்ந்துவிட்டன. மூன்றும் ஒரே ஆண்டையோ ஒரே அளவையோ சேர்ந்தவை அல்ல என்றாலும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று நொடிகளாகப் பார்க்கலாம். எனக்கு மூன்றிலும் பிடித்தது முதலாவது. கடி விழுவதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது என்று அதில் தோன்றும்.

டேட்டில் இருக்கும் 1769 எனாமல் படத்தையும் தவறவிடாதீர்கள். எண்கோணச் செம்புத் தகட்டில் செய்த அது, 24 செ.மீ. உயரமும் 28 செ.மீ. அகலமும் உள்ளது. நிறத்தைப் பூசிச் சூளையில் சுடுவார்கள். சரியாக வெந்தால் நிறம் மங்காது. மூன்று மீட்டர் சுவர்ப் படமாக இருந்த அதே சண்டை உள்ளங்கைகளில் ஏந்தும் அளவுக்கு வந்துவிட்டது, வேகம் குறையாமல்.

படி 9: சென்னையிலிருந்து போன சிவிங்கி

ஸ்டப்ஸின் விலங்குகளில் ஒன்று நம் ஊர்த் துறைமுகத்தோடு தொடர்புடையது. அதற்காகத் தனியாக ஒரு படி ஒதுக்குகிறேன்.

ஜார்ஜ் பிகட் 1755 முதல் 1763 வரை மதராஸ் கவர்னர். இரண்டாம் முறை கவர்னராக வந்தபோது தம் ஆலோசனைக் குழுவினராலேயே 1776-இல் கைது செய்யப்பட்டு, அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தவர் என்று சென்னை வரலாறு படித்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். முதல் முறை ஊர் திரும்பும்போது ஒரு சிவிங்கியைக் (சீட்டா) கொண்டுபோய் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசளித்தார். அது எப்படி வேட்டையாடும் என்று காண 1764-இல் விண்ட்ஸரில் வலை கட்டிய அடைப்புக்குள் ஒரு கலைமானோடு விட்டார்கள். மான் கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நின்று விரட்டிவிட்டது. சிவிங்கி அடைப்பைத் தாண்டிப் போய்ப் பக்கத்துக் காட்டில் வேறொரு மானைக் கொன்றது.

‘சிவிங்கியும் கலைமானும் இரண்டு இந்தியர்களும்’ என்ற அந்த ஓவியம் இப்போது மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் ஸ்டப்ஸ் சண்டையை வரையவில்லை. சிவிங்கியின் கண்ணை மறைக்கும் சிவப்புத் துணி தலைக்கு மேல் தள்ளப்பட்டிருக்கிறது. வெள்ளை உடையில் இரண்டு இந்தியர்கள். ஒருவர் மானைச் சுட்டிக் காட்டுகிறார், மற்றவர் விலங்கைப் பிடித்திருக்கிறார். அவர்கள் முகங்களை நிதானமாகப் பாருங்கள். அந்தக் காலத்து ஆங்கில ஓவியங்களில் பல, இந்தியர்களைப் பின்னணிப் பொருளாகவே வைத்தன. ஸ்டப்ஸின் இருவரும் தம் வேலையை அறிந்த மனிதர்களாக, கவனத்தோடு நிற்கிறார்கள். குதிரைக்குக் காட்டிய அதே கூர்ந்த மதிப்பு இங்கேயும் இருக்கிறது.

அந்தச் சிவிங்கியின் இனம் இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. 2022-இல் நமீபியாவிலிருந்து கூனோ காட்டுக்குக் கொண்டுவந்தவை ஆப்பிரிக்கச் சிவிங்கிகள்.

படி 10: பாரிஸுக்குப் போங்கள்

ஸ்டப்ஸ் 1806-இல் இறந்தார். அவருடைய சிங்கத்தை அச்சுப் படங்கள் கடல் கடத்திக் கொண்டுபோயின. ‘மெடூசாவின் தெப்பம்’ வரைந்த தியோடோர் ஜெரிகோ ஸ்டப்ஸின் சிங்கமும் குதிரையும் ஓவியத்தைத் தன் கையால் படியெடுத்தார். அது லூவரில் இருக்கிறது. அவருக்குப் பின் ஓவியர் யூஜின் டெலக்ரவா. 1832-இல் மொராக்கோ சென்ற டெலக்ரவா அங்கே குதிரைகள் சண்டையிடுவதை நேரில் பார்த்தார். பல ஆண்டுகள் கழித்து, 1860-இல், லாயத்தில் மோதும் அரபுக் குதிரைகளை வரைந்தார்.

டெலக்ரவாவும் சிற்பி அந்துவான் லூயி பாரியும் பாரிஸ் தாவரவியல் பூங்காவின் விலங்குக்கூடத்தில் ஒன்றாக நின்று வரைந்தவர்கள். அங்கே சிங்கம் இறந்தால் அறுத்துப் பார்க்க ஓடுவார்கள். பாரியின் சிற்பம் ஒன்றில் புலி ஒன்று கங்கைச் சமவெளியின் நீண்ட மூக்கு முதலையைக் கவ்வியிருக்கும். 1831-இல் அதைக் காட்சிக்கு வைத்தபோது விலங்குச் சிற்பத்துக்குப் பாரிஸில் புதிய மதிப்பு பிறந்தது.

டெலக்ரவாவின் ‘சிங்க வேட்டை’ ஓவியங்களை ஸ்டப்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1855-இல் வரைந்தது போர்தோ நகரில் உள்ளது. 1870-இல் நடந்த தீ விபத்தில் அதன் மேற்பகுதி அழிந்துபோனது. 1861-இல் வரைந்தது சிகாகோவில் முழுமையாக இருக்கிறது. குதிரை, சிங்கம், மனிதன் எல்லாம் ஒரே சுழலில் கலந்து, எது யாருடைய கை, யாருடைய கால் என்று தெரியாத அளவுக்கு வண்ணம் கொதிக்கிறது. ஸ்டப்ஸிடம் இந்தக் கொதிப்பு இல்லை. அவர் படத்தில் ஒவ்வொரு நரம்பையும் எண்ணலாம். ரொமான்டிக் ஓவியத்தின் உச்சம் டெலக்ரவாதான் என்று பலரும் சொல்வார்கள்; மறுக்க மாட்டேன். ஆனால் டெலக்ரவாவில் நாம் போரைப் பார்க்கிறோம். ஸ்டப்ஸில் ஓர் உயிர் தன் மரணத்தை அறிவதைப் பார்க்கிறோம்.

படி 11: ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள்

வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குதிரையின் மூக்கு நுனியில் தொடங்கி, நெற்றி, கழுத்து வளைவு, முதுகு, பின்னங்கால் குளம்பு வரை ஒரே கோடு இழுங்கள். சிங்கத்தின் தலைக்கு ஒரு வட்டம். கோடு எங்கே திரும்புகிறது, வட்டம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்: குதிரையின் தலையும் சிங்கத்தின் தலையும் ஒன்றையொன்று நோக்கி வளைகின்றன. உங்கள் கண் இதுவரை அந்த இரண்டு முகங்களுக்கும் இடையேதான் ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போது விளங்கும். இதே பயிற்சியை வாக்கர் படத்திலும் செய்தால் கோடு வேறு மாதிரி வரும்.

அடுத்ததாக லண்டன் நேஷனல் கேலரியின் ‘விசில்ஜாக்கெட்’டைத் தேடுங்கள். இதுவும் 1762-ஐ ஒட்டி ராக்கிங்ஹாம் பிரபுவுக்காகவே வரைந்தது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்தில், பின்னங்கால்களில் எழும் ஒரே ஒரு குதிரை. பின்னணியில் பாறை, மரம், தரை எதுவும் இல்லை, சிங்கமும் இல்லை. சிங்கம் பாய்ந்த குதிரையைப் பார்த்துப் பழகிய கண்ணோடு முதலில் அதன் கண்ணையும் பிறகு நாசியையும் பாருங்கள்.